மச்சம் மாறிய சரஸ்வதி

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். உன் கல்யாணப் பத்திரிகையைப் படிச்சுட்டு, மாப்பிள்ளையோட அப்பா யாருன்னு டீக்கடையில் விசாரிச்சேன். நீ திண்டிவனத்திலிருந்து கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பின பத்திரிகைக் கட்டை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். வீட்டுக்குப் போற வரைக்கும் பொறுமை இல்ல, அங்கேயே பிரிச்சேன். நான் படிக்கிறது எழுத்துக்கூட்டித்தான்னு உனக்குத் தெரியும், நாலாங்கிளாஸ் பாதியில் நின்னவன். பிள்ளையார் படத்திலிருந்து ஒவ்வொரு வரியா விரல் வெச்சுக்கினே இறங்கி வந்தேன். என் பேர் இருந்தது, இனிஷியலும் சரியா இருந்தது. அதுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஓவிய ஆசிரியர் (ஓய்வு), விழுப்புரம்’னு இருந்தது. டீ ஆத்துற மணிகிட்ட நீட்டினேன். "இன்னா மணி, நம்மூர்ல என் பேர்லயே ஒரு வாத்தியார் இருந்திருக்கார் போல. அவர் புள்ளைக்கும் என் புள்ளை பேரு, ஒத்துமையைப் பாரேன்." அவன் வாங்கிப் பார்த்துட்டு ஆத்துறதை நிறுத்தினான். "யோவ், அது நீதான்யா." "நான் எப்ப ரிடையர் ஆனேன்?" "அச்சடிச்ச அன்னைக்கு." பெஞ்சியில் இருந்த நாலு பேர் சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். பத்து பேர் சிரிக்கும்போது நாம சிரிக்காம நின்னா நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சுபோயிடும், அது தொழிலில் கத்துக்கினது.

இந்தக் கடிதம் வேற யார் கையில் கிடைச்சாலும் புரியட்டும், அதனால் உனக்குத் தெரிஞ்சதையே திரும்பச் சொல்றேன். உங்கப்பன் நாடகக்காரன். முப்பது வருஷமா ஸ்திரீபார்ட் கட்டுறவன், அதாவது பொம்பளை வேஷம். முன்னே இளவரசி, இப்போ இடுப்பு பெருத்ததால மகாராணி. பகலில் படுதா எழுதுவேன். மேடையில் பின்னால் தொங்குற அரண்மனை, காடு, கடைத்தெரு எல்லாம் என் கை. நாடகத்துக்குத் தெருமுனையில் நிறுத்துற தட்டி போர்டும் நான்தான். வேஷம் கட்டுற ஆம்பளைங்க எத்தனையோ பேர், பெயிண்டருங்களும் எத்தனையோ பேர். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா ஒரு கோளாறு வரும், அது எனக்கு வந்தது. தட்டியில் ராணி முகம் எழுதணும்னா எந்தப் பொம்பளை என் எதிரில் வந்து உக்காருவா? அதனால் நானே அரிதாரம் பூசி, பொட்டு வெச்சு, கண்ணாடியில் பார்த்து என் முகத்தையே எழுதினேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எத்தனை ராணி, எத்தனை தோழி, எத்தனை லட்சுமி, எல்லாம் நான். என் மச்சம் இடது கன்னத்தில். கண்ணாடி பார்த்து எழுதறதால படத்தில் அது வலது கன்னத்துக்குப் போயிடும். மாத்தி வெச்சிருக்கலாம், வெக்கல. கையெழுத்துப் போடறதுக்குள்ளே வேர்த்துப்போறவனுக்கு அந்தக் கறுப்புப் புள்ளிதான் கையெழுத்து.

இப்போ தை மாசத்து நிச்சயதார்த்தத்துக்கு வர்றேன். திண்டிவனத்தில் உன் மாமனார் வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே நீ, "இவர் என்னோட ஃபாதர்" என்றே. நைனா நைனான்னு பின்னாலேயே ஓடி வந்தவன் எப்போ ஃபாதருக்கு மாறினான்னு பார்த்தேன். சரி, ஆபீஸ் பழக்கம்னு விட்டுட்டேன். உன் மாமனார் எழுந்து வந்து கையைப் பிடிச்சுக்கினார். "வாங்க வாத்தியாரே, மாப்பிள்ளை உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கார்." எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. எங்க தொழிலில் வாத்தியார்னா நாடகம் சொல்லிக் குடுக்கிறவர். எங்க நாடக செட்டுக்கு ரெண்டு வருஷமா வாத்தியார் நான்தானே. அடடா, ஹெட்மாஸ்டரா இருந்த மனுஷன், நாடகக்காரன்னு தெரிஞ்சும் இப்படி மரியாதை பண்றாரேன்னு நான் உச்சி குளிர்ந்து உக்காந்தேன்.

"எத்தினி வருஷ சர்வீசுங்க?"

"முப்பது ஆச்சுங்க."

"ஒரே ஊரா, மாத்தல் உண்டா?"

"மயிலம், விக்கிரவாண்டி, திருவக்கரைன்னு கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போறதுதான். ஒரு ஊர்ல நிலையா விட மாட்டாங்க."

"பசங்க அடங்குவாங்களா?"

"பாடம் தப்பாச் சொன்னா தலையில ஒண்ணு வெப்பேன். எவனா இருந்தாலும்."

"அப்படித்தான் இருக்கணும் வாத்தியாரே. இப்ப எவன் அடிக்கிறான்."

நீ அந்தப் பக்கம் காபி டம்ளரைச் சுத்திக்கினே இருந்தே. சூடா இருக்குதுன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் அந்தப் படம். துணி போட்டு மூடி வெச்ச டி.வி. பொட்டிக்கு மேலே, சந்தனம் வெச்சு, கதம்பம் சாத்தி, சரஸ்வதி. மழைக்காலத்தில் நாடகம் இல்லாத மாசங்களில் விழுப்புரத்தில் ஒரு பிரேம் கடைக்கு நான் எழுதிக் குடுத்தது. வலது கன்னத்தில் மச்சம். சம்பந்தியம்மா சொன்னாங்க, "எங்க பொண்ணு அஞ்சாவதுலேருந்து டீச்சர் ட்ரெயினிங் வரைக்கும் இந்த அம்மாவைக் கும்பிட்டுட்டுத்தான் பரீட்சைக்குப் போவா. ஒரு பாடத்துல கூட பெயில் ஆனதில்ல." உன் மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க வாத்தியாரே, படம் எப்படி?" நான் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். என் முகத்தை நானே பார்த்து, "முகம் லட்சணமா வந்திருக்குதுங்க. வீணைதான் சரியில்ல, நாலு கம்பிதான் இருக்குது. வரைஞ்சவன் வீணையைப் பார்த்திருக்க மாட்டான், தம்பூராவைப் பார்த்துப் போட்டிருப்பான்" என்றேன். அது உண்மைதான், அப்படித்தான் போட்டேன். "வாத்தியார் கண்ணுக்குத் தப்புமா"ன்னு அவர் சிரிச்சார். நீயும் படத்தைப் பார்த்தே. மச்சத்தைப் பார்த்தே. உடனே தரையைப் பார்த்தே. இதை எழுதினதே நான்தான்னு வாய் வரைக்கும் வந்தது. நாமளே சொன்னா தற்பெருமை, பையன் சொல்லுவான்னு வாயை மூடிக்கினேன். என் வாழ்க்கையில் வாயை மூடினது அந்த ஒரு தடவைதான், அதுவும் தப்பான இடத்தில். பஸ்ஸில் வரும்போது உங்கம்மாகிட்ட, "பார்த்தியாடி, எல்லாம் தெரிஞ்ச மனுஷங்க, வாத்தியாரேன்னு கூப்பிட்டார்"னு விக்கிரவாண்டி வரைக்கும் சொல்லிக்கினே வந்தேன். அவ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கினே வந்தா. வயல்ல மல்லாட்டைச் செடி புடுங்கிக் கடலை ஆயறதை வேடிக்கை பார்க்கிறான்னு நினைச்சேன்.

பத்திரிகையோட வீட்டுக்குப் போய் அவகிட்ட கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நிச்சயத்துக்கு முந்தியே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"திரும்பி வரும்போது சொல்லலாம்னு இருந்தேன். நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தய்யா, எப்படிச் சொல்றது?" அப்புறம் முந்தானையை உதறிட்டு, "பையன் பயப்படறான்யா. அவனுக்கு அந்தப் பொண்ணைப் புடிச்சிருக்குது"ன்னா.

என்கிட்ட யாரும் பயப்பட வேண்டியதில்ல. ஆனா எனக்குக் கசப்பு எங்கே தங்கிச்சுன்னு சொல்றேன், கேட்டுக்கோ. நீ என்னை ட்ராயிங் மாஸ்டர் ஆக்கினதில் இல்ல. ராணி ஆனவன் மாஸ்டர் ஆகமாட்டேனா? எங்க தொழிலில் ஒரு சட்டம் இருக்குது. பாடம், அதாவது பேச வேண்டிய வசனம், குடுக்காம வேஷம் குடுக்கக் கூடாது. சேவகன் வேஷத்துக்குக் கூட, ‘ஆகட்டும் மன்னா’ன்னு ரெண்டு வார்த்தை முன்னாடியே சொல்லிக் குடுப்போம். நீ என்னை நடுமேடையில் ஏத்தி விட்டுட்டு, நான் என்ன வேஷம்னு எனக்கே சொல்லல. உனக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும், எதிரில் உக்காந்தவங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியல. நான் நானா இருக்கிறதா நினைச்சுக்கினு உண்மையைப் பேசினேன். அத்தனையும் பொய்யா விழுந்தது. முப்பது வருஷத்தில் இப்படி என்னை யாரும் ஆட வெச்சதில்ல தம்பி.

கட்டுக்குள்ளே நீ வெச்சிருந்த சீட்டையும் படிச்சேன். ‘புருவத்தை வளர விடவும். பேச்சைக் குறைக்கவும். செட்டு ஆட்கள் யாரையும் அழைக்க வேண்டாம்.’ முத்து முத்தான கையெழுத்து. உன் ஆபீஸில் எல்லாரும் மெச்சுறாங்களாமே. அது எங்கேயிருந்து வந்ததுன்னு நினைப்பிருக்குதா? உனக்கு நாலு வயசிருக்கும், நான் தட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்சு, ‘அனைவரும் வருக’ எழுதும்போது, அந்தப் பெரிய ‘அ’வின் மேலே உன் விரலைப் பிடிச்சு ஓட்டினேன். எனக்கும் சின்ன வயசில் அது எழுத்துன்னு தெரியறதுக்கு முந்தி சுழின்னுதான் தெரியும். அப்படித்தான் ரெண்டு பேரும் கத்துக்கினோம். ‘அனைவரும் வருக’வில் எழுத்து கத்துக்கினவன், யாரையும் அழைக்க வேண்டாம்னு எழுதியிருக்கே. எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்ல.

உன்னைத் திட்டிக்கினே போறேன், என் பங்கையும் சொல்லணும். நீ ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது. நீ மறந்திருக்க மாட்டே, நான் மறந்துட்டதா நீ நினைச்சிருப்பே. பள்ளிக்கூடத்து முனையில் தட்டி நிறுத்தி, ஏணி மேலே நின்னு தேதி எழுதிக்கினு இருந்தேன். மத்தியானம் மணி அடிச்சதும் உன் கிளாஸ் பசங்க ஏழெட்டு பேர் வந்தாங்க, நீ கடைசியில் பையைக் கட்டிப் பிடிச்சுக்கினு வந்தே. ஒருத்தன் கேட்டான், "மாமா, இந்த ராணி நீங்கதானே? இவன் இல்லேங்கறான். எங்க நைனாவுக்கு மச்சம் இந்தப் பக்கம், இது வேற யாரோங்கறான்." அப்போ நான் சொல்லியிருக்க வேண்டியது அஞ்சு வார்த்தை. ‘அதெல்லாம் சும்மா வரைஞ்சது, போய்ப் படிங்கடா.’ அவ்ளோதான். ஆனா ஏழெட்டு முகம் அண்ணாந்து பார்க்குது. கூட்டம் பார்த்தா எனக்கு நாக்கு நிக்காதே. பெயிண்ட் துடைக்கிற துணியை முக்காடு போட்டுக்கினு ராணி குரலில், "யார் அங்கே? நான் தன் தாய் இல்லை என்று என் மைந்தனா சொன்னான்?"னு ஆரம்பிச்சேன். அதோட விட்டேனா? பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்ச்சு ராணியோட இடது கன்னத்திலும் ஒரு புள்ளி வெச்சேன். "இப்போ பாருங்கடா, எந்தப் பக்கம் பார்த்தாலும் இவன் நைனாதான்."

பசங்க வயித்தைப் புடிச்சுக்கினு தரையில் உக்காந்துட்டாங்க. எந்த மேடையிலும் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைச்சதில்ல. நீ மட்டும் சிரிக்கல. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் உனக்கு ‘ரெண்டு மச்சம்’னு பேர். அந்தப் பேரை வீட்டு வாசலில் எவனோ கூப்பிட்டப்போ அதுக்கும் நான் சிரிச்சேன். அன்னைக்கு மச்சத்தைக் காட்டி நீ என்னை இல்லேன்னு சொன்னதில் ஒரு பாசம் இருந்தது, அது எனக்கு இப்போதான் உறைக்குது. நைனாவைக் கேலி பண்ணிடக் கூடாதேன்னு ஒரு பிள்ளை யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்ச பொய். அதை நான் ஒரு சொட்டு பெயிண்டில் கெடுத்தேன். அதுக்கப்புறம் நீ ரோட்டில் என்னோட ஒரே பக்கமா நடந்ததே இல்ல. ஆக, பத்திரிகையில் நீ போட்ட வரிக்கு அஸ்திவாரம் நான் போட்டது. ஒத்துக்கறேன். ஒத்துக்கினதால கசப்பு குறைஞ்சிடும்னு நினைச்சேன், குறையல.

ஏழுமலை மாமாவுக்குப் பத்திரிகை வெச்சேன். நீ வேணாம்னு எழுதியிருந்தே, வெச்சேன். எங்க செட்டு ஆர்மோனியக்காரன்னு அவனை மத்தவங்க சொல்லட்டும், உன்னைத் தோளில் தூக்கிக்கினு திருவக்கரை கோயிலுக்கு நடந்தவன் அவன். வாங்கி, என்னை மாதிரியே எழுத்துக்கூட்டிப் படிச்சான். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்னது. நான் கிண்டலா, "நீயும் வா, ரிடையர்டு பாட்டு வாத்தியார்னு சொல்லிக்கலாம். தபலாக்காரனை டிரில் மாஸ்டர் ஆக்கிடுவோம், ஒரு பள்ளிக்கூடமே போய் இறங்கினாப் போல இருக்கும்" என்றேன். அவன் சிரிக்கல. பத்திரிகையை நாலா மடிச்சு ஜோபியில் வெச்சுக்கினான். "இல்ல அண்ணே, அன்னைக்கு எனக்கு விக்கிரவாண்டியில ஒரு கல்யாணம் இருக்குது. சொந்தம். போகலேன்னா தப்பா நினைப்பாங்க." அன்னைக்கு விக்கிரவாண்டியில் எந்தக் கல்யாணமும் இல்ல. எனக்குத் தெரியும், ஏன்னா அந்த ஊர்ல இருக்கிற ஒரே மண்டபத்து வாசலில் பொண்ணு மாப்பிள்ளை பேர் எழுதி வைக்கிறவன் நான்தான். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். உனக்காக அவன் சொன்ன பொய், நீ எனக்காகச் சொன்ன பொய்யைவிட நல்லா இருந்தது.

நான் வர்றேன். பயப்படாதே. சட்டை தைக்கக் குடுத்துட்டேன், வெறும் கண்ணாடி போட்ட ஒரு மூக்குக்கண்ணாடி செட்டு பொட்டியிலேயே இருக்குது. உன் மாமனார் சர்வீசைப் பத்திக் கேட்டா இருமி வைக்கிறேன். ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் வேஷம் கட்டுவேன், நான் ஓய்வு எடுக்கல. அதனால் ஒண்ணு சொல்றேன், அப்பன் சொல்றான்னு எடுத்துக்காதே, வேஷத்திலேயே பிழைச்சவன் சொல்றான்னு எடுத்துக்கோ. மேடையில் போடற வேஷத்தை எத்தனை மணிக்குக் கலைக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்குள்ளே போடற வேஷத்துக்கு அந்த நேரம் வரவே வராது. அந்தப் பொண்ணு பத்து பன்னண்டு வருஷமா என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவ. மருமகளா வந்து, என்னை அரிதாரத்தோட ஒரு தடவை பார்த்தா அவளுக்குப் போதும். அப்போ அவ உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பா, என்னை இல்ல. உன்கிட்ட பாடம் இருக்காது. தாலி கட்டறதுக்கு முந்தி நீயே அவகிட்ட சொல்லிடு. அவங்கப்பாகிட்ட வேணாம், அவகிட்ட மட்டும். அவ வேணாம்னா அந்த வலி ஒரு வருஷம். சொல்லாம கட்டிக்கினா அது உன் ஆயுசுக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரே புத்திமதி இதுதான், ஏணி மேலே நின்னுக்கினு கத்துக்கினது.

கடைசியா ஒரு சின்ன விஷயம். நீ எழுதினபடி புருவத்தை வளர விட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் ராணி வேஷத்துக்காகச் சிரைச்ச இடம், தரிசாக் கிடக்குது. அதனால் மையைக் குழைச்சு ரெண்டு புருவம் எழுதிக்கினு, சட்டை, கண்ணாடி எல்லாம் போட்டு, போன ஞாயித்துக்கிழமை ஒத்திகை மாதிரி திண்டிவனம் போய் வந்தேன். மண்டபத்து போர்டில் பேர் எப்படிப் போடணும்னு கேட்கிற சாக்கு. உன் மாமனார் சாப்பிட்டுத்தான் போகணும்னுட்டார். நல்ல வெயில். முகம் கழுவிட்டு துண்டால் ஒத்தி எடுத்தேன். தேய்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அரிதாரம் கலைக்கிறவங்க ஒத்தித்தான் எடுப்போம். துண்டை நாற்காலியில் போட்டுட்டு இலையில் உக்காந்தேன். அவரும் சம்பந்தியம்மாவும் சாப்பாடு முடியற வரைக்கும் இலையைப் பார்த்தே பேசினாங்க. ரொம்ப மரியாதைக்காரங்கன்னு நினைச்சேன். பஸ் விக்கிரவாண்டி தாண்டினப்போ டிரைவர் கண்ணாடியில் என் முகம் தெரிஞ்சது, இடது பக்கம் புருவம் இல்ல. தோளில் கிடந்தது உன் மாமனார் துண்டு. என் துண்டு அவங்க வீட்டு ஹாலில் இருக்குது, சரஸ்வதி படத்துக்கு எதிர் நாற்காலியில். நீ அந்தப் பக்கம் போனா வாங்கி வெச்சுக்கோ. வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. நடுவில் ஒரு புருவம் இருக்கும்.